பழைய ஒயர்லெஸ் செட்டை எடைக்குப் போடலாமா?



போலீஸ் ஜீப்பின் முன்பக்கத்திலிருந்து வரும் கரகரத்த குரலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இரயில் கார்டின் கையிலிருக்கும் வாக்கி-டாக்கியையும், திருவிழாக் கூட்டத்தில் காவலர் தோளில் செருகியிருக்கும் சிறு செட்டையும் பார்த்திருப்பீர்கள். இவையெல்லாம் இருவழி வானொலிகள். நம் வீட்டு ரேடியோவுக்குப் பேச மட்டுமே தெரியும். நாம் சொல்வதை அது கேட்காது. இவற்றுக்கோ பேசவும் தெரியும், கேட்கவும் தெரியும். அலையைப் பரப்பும் பரப்பியும், அலையை வாங்கும் ஏற்பியும் ஒரே பெட்டிக்குள் குடித்தனம் நடத்துகின்றன.

இந்தப் பெட்டிகளுக்கும் ஒரு நாள் ஓய்வு வருகிறது. புதிய டிஜிட்டல் செட்டுகள் வந்து இறங்குகின்றன. நேற்றுவரை ஒழுங்காக உழைத்த செட், இன்று 'உபயோகமற்றது' என்று பதிவேட்டில் எழுதப்படுகிறது. பிறகு அலுவலக அறையின் மூலையில் தூசு படிந்து கிடந்து, கடைசியில் கிலோ இவ்வளவு என்ற விலைக்குக் காயலான் கடைக்குப் போய்ச் சேருகிறது.

இது சரியா? சரியன்று என்பது என் கருத்து. அதற்காக, பழையதெல்லாம் பொன் என்று சொல்லவும் நான் வரவில்லை. எந்தச் செட்டைக் காப்பாற்ற வேண்டும், எதைத் தயங்காமல் கழித்துவிட வேண்டும், இதனால் உங்களைப் போன்ற மாணவர்களுக்கு என்ன இலாபம் என்பதைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன்.

செட் ஏன் கிழடாகிறது?

முதலில் ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ளுங்கள். பல ஒயர்லெஸ் செட்டுகள் பழுதாகி ஓய்வு பெறுவதில்லை. விதி மாறுவதால் ஓய்வு பெறுகின்றன.

வானொலி அலைவரிசைகளை ஓர் அகலமான சாலை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு துறைக்கும் அதில் ஒரு தடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. வண்டிகள் பெருகினால் என்ன செய்வது? சாலையை அகலப்படுத்த இயலாது. இயற்கை கொடுத்தது அவ்வளவுதான். எனவே தடத்தின் அகலத்தைக் குறைக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1950களின் இறுதியிலும் 1960களிலும் இதுதான் நடந்தது. அங்கே போலீஸ் வண்டிகளும் டாக்சிகளும் அதிர்வெண் பண்பேற்ற முறையில் இயங்கும் செட்டுகளை வைத்திருந்தன. இம்முறையில் நாம் பேசும்போது அலையின் அதிர்வெண் மேலும் கீழும் ஊசலாடும். பழைய செட்டுகளில் இந்த ஊசலாட்டம் பக்கத்துக்கு 15 கிலோஹெர்ட்ஸ் வரை இருந்தது. புதிய விதி அதை 5 கிலோஹெர்ட்ஸாகச் சுருக்கியது. ஒருவர் சென்ற இடத்தில் மேலும் சிலர் செல்ல வழி பிறந்தது. ஆனால் பழைய செட்டுகள் அனைத்தும் ஒரேயடியாக 'உபயோகமற்றவை' ஆயின.

வரலாறு மீண்டும் திரும்பியது. 2013 ஜனவரி 1ஆம் தேதிக்குள், 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இயங்கிவந்த செட்டுகள் 12.5 கிலோஹெர்ட்ஸுக்கு மாறிவிட வேண்டும் என்று அதே நாட்டில் விதி வந்தது. மாற முடியாத செட்டுகள் மறுபடியும் மூட்டை கட்டப்பட்டன. இரண்டு முறையும் ஒதுக்கப்பட்ட செட்டின் உள்ளே எந்தச் சுருளும் அறுந்துபோகவில்லை. எந்தப் படிகமும் உடைந்துபோகவில்லை. அவை செய்த வேலைதான் முடிந்திருந்தது. வேலை முடிந்ததும் பொருள் முடிந்ததும் ஒன்றல்ல.

டாக்சி செட்டின் மறுபிறவி

1960களில் ஒதுக்கப்பட்ட அந்தச் செட்டுகள் என்னவாயின? அமெரிக்க அமெச்சூர் வானொலியாளர்கள் அவற்றை மலிவு விலைக்கு வாங்கினார்கள். அமெச்சூர் வானொலியாளர் என்றால், தேர்வு எழுதி அரசின் உரிமம் பெற்று, இலாப நோக்கமின்றி வானொலி ஆராய்ச்சி செய்பவர். 'ஹாம்' என்றும் சொல்வார்கள்.

டாக்சி செட் வேலை செய்தது ஏறக்குறைய 150 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில். ஹாம்களுக்கு அந்நாட்டில் ஒதுக்கப்பட்டிருந்ததோ 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரை. மேலே இருக்கும் செட்டைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும். எப்படி?

உங்கள் இயற்பியல் பாடநூலில் ஒத்ததிர்வுச் சுற்று பற்றிப் படிப்பீர்கள். அதன் அதிர்வெண், சுருளின் மின்தூண்டல் எண்ணையும் மின்தேக்கியின் மின்தேக்குத் திறனையும் பெருக்கி வரும் தொகையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 155 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் செட்டை 146.94 மெகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுவர வேண்டும் என்று கொள்வோம். 155ஐ 146.94ஆல் வகுத்து, விடையை வர்க்கப்படுத்திப் பாருங்கள். சுமார் 1.11 கிடைக்கும். அதாவது, அந்தப் பெருக்குத் தொகையை நூற்றுக்குப் பதினொரு பங்கு கூட்டினால் போதும்! சுருளுக்குள் இருக்கும் திருகைச் சற்றுத் திருப்பினாலோ, சின்னஞ்சிறு மின்தேக்கி ஒன்றைப் பக்கத்தில் இணைத்தாலோ காரியம் முடிந்தது.

பரப்பிக்கு இன்னொரு மாற்றம் வேண்டும். செட்டின் அதிர்வெண்ணைத் துல்லியமாகப் பிடித்து வைப்பது குவார்ட்ஸ் படிகம். பல செட்டுகளில் படிகத்தின் அதிர்வெண் படிப்படியாக 24 மடங்கு பெருக்கப்பட்டு ஏரியலுக்குப் போகும். அப்படியானால் 146.94 வேண்டுமென்றால் 6.1225 மெகாஹெர்ட்ஸ் படிகம் வாங்கிப் பொருத்த வேண்டும். பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும்.

இந்த 146.94 என்ற எண்ணை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. 1960களின் இறுதியில் அமெரிக்க ஹாம்கள் பலர் சந்தித்துக்கொள்ளும் பொது அலைவரிசையாக இருந்தது அதுதான். பிறகு மலை உச்சிகளிலும் உயர்ந்த கட்டடங்களிலும் இதே பழைய செட்டுகளைக் கொண்டே மறுபரப்பு நிலையங்களை அமைத்தார்கள். ஓர் அலைவரிசையில் வாங்கியதை இன்னோர் அலைவரிசையில் உடனே திருப்பி அனுப்பும் நிலையம் அது. காரிலிருக்கும் சிறு செட்டின் குரல் அதனால் பல மைல்களுக்கு அப்பாலும் கேட்டது. இவ்வாறு, கழித்துப் போட்ட டாக்சி செட்டுகளின் மேல் அமெச்சூர் வானொலியின் ஒரு புதிய கிளையே வளர்ந்தது.

போர்க்களத்திலிருந்து விண்வெளிக்கு

விஞ்ஞானிகளும் பழம்பொருளை இகழ்ந்ததில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பெர்னார்ட் லவல் என்ற இயற்பியலாளர், இராணுவத்துக்குத் தேவையற்றுப்போன ரேடார் கருவிகளைப் பெற்றுவந்தார். ரேடாரும் வானொலி அலையை அனுப்பி வாங்கும் கருவிதானே! 4.2 மீட்டர் அலைநீளத்தில் இயங்கிய அக்கருவியைக் கொண்டு, காஸ்மிக் கதிர்கள் வானில் உண்டாக்கும் எதிரொலியைப் பிடிக்க வேண்டும் என்பது அவர் திட்டம். நகரத்தின் மின்சார டிராம் வண்டிகள் எழுப்பிய இரைச்சல் வேலையைக் கெடுத்தது. 1945 டிசம்பரில் கருவியை ஜோட்ரல் பேங்க் என்ற கிராமப்புற இடத்துக்கு இழுத்துச் சென்றார். அது பல்கலைக்கழகத் தாவரவியல் துறைக்குச் சொந்தமான நிலம்.

எதிரொலிகள் கிடைத்தன. ஆனால் அவை காஸ்மிக் கதிர்களுடையவை அல்ல. எரிமீன்கள் காற்றில் உரசிச் செல்லும்போது விட்டுச்செல்லும் அயனித் தடத்தில் பட்டுத் திரும்பியவை! 1946 அக்டோபர் 9-10 இரவில் ஓர் எரிமீன் மழையின்போது எதிரொலிகள் மளமளவென்று பெருகி, பிறகு தணிந்தன, ஐயம் தீர்ந்தது. மேகமூட்டத்திலும், பட்டப்பகலிலும்கூட எரிமீன்களை எண்ண வழி பிறந்தது. அதே ஜோட்ரல் பேங்க்கில் 1957இல் 76 மீட்டர் விட்டமுள்ள மாபெரும் வானொலித் தொலைநோக்கி எழுந்தது.

ஹாலந்திலும் இப்படித்தான். ஜெர்மானியர் விட்டுச்சென்ற ஊர்ட்ஸ்புர்க் ரேடாரின் 7.5 மீட்டர் கிண்ணத்தைக் கொண்டு, மல்லர், ஊர்ட் ஆகியோர் 1951இல் விண்வெளி ஹைட்ரஜனின் 21 சென்டிமீட்டர் அலையைப் பதிவு செய்தார்கள். சில வாரங்களுக்கு முன்பு அமெரிக்காவில் முதன்முதல் கண்டுபிடிக்கப்பட்ட அலை அது.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு அருகே பாட்ஸ் ஹில் என்னுமிடத்தில் சூரியனை ஆராயப் பயன்பட்டு, பின்னர் வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட 32 கிண்ண ஏரியல்கள் இந்தியாவுக்கு நன்கொடையாக வந்தன. ஒவ்வொன்றும் சுமார் 6 அடி விட்டம். கோவிந்த் ஸ்வரூப் தலைமையிலான குழு 1965இல் பம்பாய்க்கு அருகே கல்யாணில் அவற்றை நிறுவியது. அங்கே கை பழகியவர்கள்தாம் உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட தொலைநோக்கியை 1970இல் எழுப்பினார்கள். யாரோ கழித்தது நமக்கு அரிச்சுவடியாக அமைந்தது.

குறையே குணமாகும் இடம்

இவை பெரியவர்கள் கதை. பள்ளி மாணவனுக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். இதோ ஓர் எடுத்துக்காட்டு.

பூமியிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றுகிறது. அதிலுள்ள அமெச்சூர் வானொலி 145.800 மெகாஹெர்ட்ஸில் அவ்வப்போது பேசுகிறது. சில நாட்களில் படங்களையும் ஒலியாக மாற்றி அனுப்புகிறது. 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குமாறு செய்யப்பட்ட பழைய அதிர்வெண் பண்பேற்ற செட் இதைக் கேட்கும். ஏரியலுக்கு ஒரு செப்புக் கம்பி போதும். 300ஐ 145.8ஆல் வகுத்தால் அலைநீளம் ஏறக்குறைய 2.06 மீட்டர். அதில் கால் பங்கு 51 சென்டிமீட்டர். உலோகக் கம்பிக்காகச் சிறிது கழித்து 49 சென்டிமீட்டர் வெட்டிக்கொள்ளலாம். அடியில் அதே நீளத்தில் நான்கு கம்பிகளைச் சாய்வாக விரித்துவிட்டால் ஏரியல் தயார்.

இப்போது இயற்பியலைப் பாருங்கள். நிலையம் தொடுவானத்திலிருந்து நம்மை நோக்கி வரும்போது நொடிக்குச் சுமார் 7.2 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குகிறது. டாப்ளர் விளைவால் அதன் அதிர்வெண் ஏறக்குறைய 3.5 கிலோஹெர்ட்ஸ் கூடித் தெரியும். விலகிச் செல்லும்போது அதே அளவு குறையும். பத்து நிமிடத்துக்குள் 7 கிலோஹெர்ட்ஸ் மாற்றம்! தடம் குறுகிய புதிய செட்டில் இந்த ஊசலாட்டம் விளிம்பில் இடித்துக் குரல் சிதையும். 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்காகச் செய்த பழைய செட்டோ இதைத் தாராளமாகத் தாங்கிக்கொள்ளும். எந்த அகலத்துக்காக அதை ஒதுக்கினார்களோ, அதே அகலம் இங்கே வரமாகிறது.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். பழைய செட்டுகள் சிலவற்றில், அதிர்வெண் மாற்றத்தை மின்னழுத்தமாக்கும் டிஸ்கிரிமினேட்டர் என்ற பகுதியில், பழுது பார்ப்பதற்காக ஒரு சோதனை முனை இருக்கும். அதில் வோல்ட்மீட்டரை இணைத்து நிமிடத்துக்கு நிமிடம் அளந்து வரைபடத்தாளில் குறியுங்கள். விண்வெளி நிலையம் தலைக்கு மேலே கடந்துபோனதை உங்கள் பென்சில் கோடு காட்டும். 1957இல் ஸ்புட்னிக் ஏவப்பட்டபோது அமெரிக்காவில் கையர், வைஃபன்பாக் என்ற இரு இளம் இயற்பியலாளர்கள் ஏற்பி ஒன்றின் முன் அமர்ந்து செய்ததும் அடிப்படையில் இதுவே. அவர்களுடைய டாப்ளர் அளவீட்டிலிருந்து பிறந்த எண்ணம்தான் செயற்கைக்கோள் மூலம் இடமறியும் முறைக்கு வித்திட்டது.

மறுபக்கத்து வாதம்

"ஐயா, இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு பெரிய பெட்டி? கம்ப்யூட்டரில் செருகும் விரலளவு ஏற்பி ஒன்று மலிவாகக் கிடைக்கிறதே! அது எல்லா அலைவரிசைகளையும் திரையிலேயே காட்டுமே!" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கேட்பது மட்டுமே நோக்கமானால் அந்தச் சிறு ஏற்பியையே வாங்குங்கள் என்பேன். எடை குறைவு, மின்செலவு குறைவு, ஆபத்தும் குறைவு.

ஆனால் அந்தச் சிறு ஏற்பியின் வரலாறு தெரியுமா? அது டெலிவிஷன் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. உள்ளேயிருக்கும் சில்லு, பதப்படுத்தாத அலைத் தகவலை அப்படியே வெளியே கொடுக்கும் என்பதைக் கண்டுகொண்ட ஆர்வலர்கள், 2012 வாக்கில் அதை வானொலிக் கருவியாக மாற்றினார்கள். ஆக, பழைய செட்டுக்கு எதிராக நிறுத்தப்படும் சாட்சியே என் கட்சிக்குச் சாட்சி சொல்கிறது! ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்பதோடு நிற்காமல், அதனால் என்னவெல்லாம் இயலும் என்று கேட்டவர்கள் கண்டுபிடித்த வழி அது.

அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகுவதற்குத்தான் பழைய செட் வேண்டும். இன்றைய கருவியில் எல்லாம் ஒரு கறுப்புச் சில்லுக்குள் அடங்கிவிடுகிறது. திறந்தாலும் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. பழைய செட்டில் சுருள் சுருளாகவே தெரியும், படிகம் படிகமாகவே தெரியும். ஒத்ததிர்வுச் சமன்பாட்டைப் பிழையின்றி எழுதி முழு மதிப்பெண் வாங்கும் மாணவர்கள், கல்லூரிக்கு வந்த பிறகும் ஒத்ததிர்வுச் சுருளைக் கண்ணால் கண்டதில்லை என்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். திருகைத் திருப்பினால் குரல் தெளிவதைக் காதால் கேட்டவனுக்கு அந்தச் சமன்பாடு மறக்காது.

தொடுவதற்கு முன்

ஆர்வத்தோடு அறிவும் வேண்டும். நான்கு எச்சரிக்கைகள்.

முதலாவது சட்டம். நம் நாட்டில் பரப்பியுள்ள செட்டை இயக்குவதற்கு மட்டுமல்ல, வைத்திருப்பதற்கே அரசின் அனுமதி வேண்டும். ஆகவே தனியாக வாங்கி வீட்டில் வைக்காதீர்கள். பள்ளி அல்லது கல்லூரியின் வாயிலாக, உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர் ஒருவர் துணையோடு, பரப்பியைச் செயலிழக்கச் செய்த பின்பே தொட வேண்டும். காவல்துறை முதலியோரின் பேச்சை ஒட்டுக் கேட்பது விஞ்ஞானம் ஆகாது, குற்றம்.

இரண்டாவது மின்சாரம். வால்வு செட்டுகளில், 12 வோல்ட் பாட்டரியில் இயங்கினாலும் உள்ளே பல நூறு வோல்ட் உண்டாகும். சுவிட்சை அணைத்த பிறகும் மின்தேக்கிகள் அதைத் தேக்கி வைத்திருக்கும். ஆசிரியர் அருகில் இல்லாமல் மூடியைத் திறக்கவே கூடாது.

மூன்றாவது நச்சு. உயர்சக்தி டிரான்சிஸ்டர்கள் சிலவற்றின் வெண்ணிறப் பீங்கான் பகுதி பெரிலியம் ஆக்சைடு. உடைந்து பொடியானால் நுரையீரலுக்குக் கேடு. பழைய வாக்கி-டாக்கி பாட்டரிகளில் காட்மியம் இருக்கும்.

நான்காவது கதிரியக்கம். போர்க்கால மீட்டர்கள் சிலவற்றின் முள்ளிலும் எண்களிலும் ரேடியம் கலந்த வண்ணம் பூசினார்கள். இப்போது அது ஒளிராது. ஒளிரும் பொருள் கெட்டுவிட்டது. ரேடியமோ அப்படியே இருக்கிறது. அதன் அரை ஆயுள் 1600 ஆண்டுகள்! அத்தகைய மீட்டரைத் தொடாமல் விட்டு, பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

என்ன செய்யலாம்?

ஒரு பழைய செட் கண்ணில் பட்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதன் சுற்றுப்படம் கிடைக்குமா? இதைப் பாதுகாப்பாகத் திறக்கலாமா? இது செய்யக்கூடிய புதிய வேலை ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்ல முடியுமா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் காப்பாற்றுங்கள். முழுச் செட் வேண்டாமென்றாலும், நிலைய செட்டின் 13.8 வோல்ட் மின்வழங்கி ஆய்வகத்துக்கு உதவும். ஒலிபெருக்கியும் மீட்டரும் படிகமும் புதிய கருவிகளில் வாழும். ஒரு கேள்விக்கேனும் 'இல்லை' என்றால், அலமாரியில் பூட்டி வைத்து அழகு பார்க்க வேண்டாம். 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்துக்கு அது போகட்டும். செப்புக்காகக் கம்பிகளைத் தெருவில் கொளுத்தும் இடத்துக்குப் போகவே கூடாது.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒயர்லெஸ் செட்டுகளைக் கழிக்கும் அலுவலகங்கள், எடை போட்டு ஏலம் விடுவதற்கு முன்பு, பரப்பியைச் செயலிழக்கச் செய்து, ஒன்றிரண்டு செட்டுகளை அருகிலுள்ள கல்லூரி ஆய்வகத்துக்கு முறைப்படி ஒப்படைக்க வேண்டும். செட்டோடு அதன் பராமரிப்பு நூலையும் கொடுக்க வேண்டும். நூல் இல்லாத செட் பாதி செட்தான். இதனால் அலுவலகத்துக்கு ஏற்படும் நட்டம் சில கிலோ உலோகத்தின் விலை.

இந்த அறிவு வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடாதீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கி அந்தமான் தீவுகளில் தொலைபேசிகள் செயலிழந்தபோது, போர்ட் பிளேரில் தற்செயலாக முகாமிட்டிருந்த அமெச்சூர் வானொலிக் குழு தன் செட்டுகளைக் கொண்டு செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பியது. அன்று தேவைப்பட்டவை செட்டும் பாட்டரியும் ஏரியலும் மட்டுமல்ல. அவற்றின் உள்ளும் புறமும் அறிந்த மனிதர்களும்தான். அத்தகையவர்கள் ஒரே நாளில் உருவாவதில்லை.

எனவே, அடுத்த வாரம் உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். நம் பள்ளிக்கு அருகே உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர் யாரேனும் இருக்கிறாரா? அவரை ஒரு மாலை அறிவியல் மன்றத்துக்கு அழைக்கலாமா? அவர் வந்தால் வெறுங்கையோடு வரமாட்டார். மேசைமேல் ஒரு பழைய பெட்டியை வைப்பார். மூடியை அவர் திறக்கும்போது நெருங்கி நின்று பாருங்கள்; பிறகு உங்கள் கேள்விகளைத் தொடங்குங்கள்.